சுருதி நின்ற மத்தியானம்

நின்றுவிட்டது. ஒரு கணம் என் காதுதான் அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தேன், அதற்குள் மனைவியின் ஆக்ஸிஜன் மெஷின் கீயென்று கத்த ஆரம்பித்துவிட்டது. கரண்ட் போனால் அது கத்தும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள், நோயாளி தூங்கினாலும் வீட்டில் இருக்கிறவன் தூங்கக்கூடாது என்று. பராமரிப்புப் பணி, உறையூரில் மின்தடை என்று காலைப் பேப்பரிலேயே போட்டிருந்தது, தெரிந்துதான் சிலிண்டரைக் கட்டிலோரம் உருட்டி வைத்திருந்தேன். ஊரிலிருக்கிறவர்களுக்கெல்லாம் ஆக்ஸிஜன் வைத்த கை, சொந்த வீட்டில் குழாய் மாட்டும்போது மட்டும் தாலி கட்டப்போகிற மாப்பிள்ளை கை மாதிரி நடுங்குகிறது, இதை யாரிடம் போய்ச் சொல்வது. மெஷினிலிருந்து மங்கையின் மூக்குக்குழாயை உருவிச் சிலிண்டரில் மாட்டினேன், திருகைத் திறந்தேன், தண்ணீர்க் குப்பியில் குமிழி விட ஆரம்பித்தது. வருகிறதா என்றேன். வருகிறது என்று கண்ணாலேயே சொன்னாள். இன்வெர்ட்டர் மின்விசிறியைத் தாங்கும், மெஷினைத் தாங்காது. மெஷினின் பின்பக்கம் கைவிட்டு அலறலை அணைத்தேன், அணைத்த பிறகுதான் வீடு எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. எதிர்வீட்டில் துணி அடித்துத் துவைக்கிற சத்தம், சந்துமுனையில் கோலமாவு விற்கிறவனின் குரல், மாடியில் ஏதோ குருவி, எல்லாம் திடீரென்று கூடத்துக்குள் வந்து நின்றன, இத்தனை மாதம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த மாதிரி. போய்ப் படுங்க, மத்தியானமாவது கொஞ்சம் தூங்குங்க என்றாள். சரி என்று உள்ளறைக்கு வந்தேன். கதவைச் சாத்தவில்லை.

தூங்குவதாவது. கட்டில்மேல் கிளாரினெட் பெட்டி இருக்கிறது, திறந்தே இருக்கிறது, கை தானாகப் போய் மூட்டுகளை ஒன்றோடொன்று பொருத்துகிறது, கீழ்மூட்டு, நடுமூட்டு, மேல்மூட்டு, வாய்ப்பகுதி, கருங்காலி வாசனை, தக்கையில் தடவுகிற மெழுகு வாசனை. வாயில் வைக்கமாட்டேன். அது தீர்மானம். விரலை மட்டும் ஓட்டுவேன், ஊதாமல். மங்கைக்கு முடியாமல் போனதிலிருந்து இந்த வீட்டில் என் சாதகம் இப்படித்தான் நடக்கிறது, ஊமைச் சாதகம். டாக்டர் குஞ்சிதபாதம், நெஞ்சக நோய் நிபுணர், கிளாரினெட் வித்வான் என்று அழைப்பிதழில் போடுவார்கள், என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அதையெல்லாம் சுருக்கிப் பீப்பி டாக்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான், ஆனால் எனக்குக் காது நல்ல காது. போலீஸ் பேண்டில் இருந்த மாமா ஒருத்தர் பழைய கருவியைக் கொடுத்து ஆரம்பித்து வைத்தது, மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலில் மற்றவர்கள் மனப்பாடம் செய்கிற சத்தத்துக்கு மேலே நான் சரளிவரிசை ஊதி அடி வாங்கியது, பிறகு கச்சேரி, வானொலி, பட்டயம், சால்வை, சால்வை, பீரோ நிறையச் சால்வை. மூச்சை வைத்துப் பிழைத்தவன் நான், இரண்டு வழியிலும். பகலில் அடுத்தவன் மூச்சு, சாயங்காலம் என் மூச்சு. வாத்தியார் பிள்ளை மக்கு என்கிறார்களே, அந்த வரிசையில் வைத்தியர் வீட்டையும் சேர்த்துச் சொல்வார்கள், அது என் தலையிலேயே வந்து விடியும் என்று யார் கண்டார்கள். அவள் முதுகில் காதுக்குழாயை வைத்தபோது அடிப்பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டது, காதோரத்து முடியை விரலால் உருட்டினால் கேட்குமே, அந்தப் பொரபொரப்பு. எத்தனை முதுகில் கேட்டிருக்கிறேன், மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவும் வைத்திருக்கிறேன், நன்றாகக் கேளுங்கள், சொந்த முடியை உருட்டிப் பாருங்கள் என்று. அன்றைக்கு அப்படியே வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நின்றேன். என்னங்க, தூங்கிட்டீங்களா என்றாள் மங்கை, முதுகைத் திருப்பாமலே.

பஞ்சாக இருக்க வேண்டியது தேங்காய்நாராக இறுகிப் போகிற நோய் அது. ஏன் வருகிறது என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது என்பதைக் கிரேக்கத்தில் சொல்வோம். நிறுத்த முடியாது, கொஞ்சம் மெதுவாக்கலாம், மெதுவாக்குகிற மாத்திரையும் அவள் பசியைத் தின்றுவிட்டது. எவ்வளவு நாள் என்று அவள் கேட்டாள், பார்க்கலாம் என்றேன். எல்லாரிடமும் அப்படித்தானே சொல்வீங்க என்றாள். உண்மை. கிளினிக்கில் அந்த வார்த்தையை நான் எப்போது சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும், சாப்பிடும்போது நானே சொல்லியிருக்கிறேன், இன்றைக்கு ஒருத்தரிடம் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது மங்கை, சின்ன வயசு என்று. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. வருகிற மழைக்காலத்தைத் தாண்டினால் அதுவே பெரிது என்று எனக்குத் தெரியும், அதை நாக்குக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன், கரையவும் மாட்டேன் என்கிறது, துப்பவும் முடியவில்லை. விரல் சஹானா ராகத்தில் போய் நிற்கிறது. ஏன் சஹானா, நான் நினைக்கவே இல்லையே. துளைமேல் விரல் விழும்போது மெல்லிதாக ஒரு டொப் வரும், ஊதாவிட்டாலும் கருவிக்குள் இருக்கிற காற்று கொஞ்சம் அசைந்து அந்தந்த ஸ்வரத்தின் நிழல் மாதிரி ஒன்று கேட்கும், பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும், அதுவும் வீடு இப்படி அடங்கிக் கிடந்தால். மற்ற நாளில் மெஷின் அதை விழுங்கிவிடும்.

ஊதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மங்கை சொல்லவில்லை. ஒரு தரம் வாசியுங்களேன் என்றுதான் சொன்னாள், மெஷின் வந்து இறங்கிய வாரம், உனக்குச் சத்தம் ஆகாது, கொஞ்சம் தேறட்டும் என்றேன். சத்தமாம். மெஷின் போடுகிற சத்தத்தில் நாலு கிளாரினெட் ஊதலாம். வெட்கம், வேறென்ன. இலை போட்டுப் பரிமாறிக்கொண்டு பட்டினி கிடப்பவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியுமா. குளியலறைக்குப் போய் வருவதற்குள் உதடு நீலம் பாய்ந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் முன்னால், நான் நெஞ்சு நிறைய இழுத்து, தம் பிடித்து, ஒரே மூச்சில் ஆலாபனையை மேல் ஸட்ஜம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி, பார் எவ்வளவு இருக்கிறது என்னிடம் என்று காட்டுவதா. கூச்சமில்லாமல் அதைச் செய்கிற ஆளாக நான் இருந்திருந்தால் பெரிய வித்வானாகவே ஆகியிருப்பேன். இதில் பெரிய கூத்து என்னவென்றால், பகல் முழுக்க என் வாயில் அந்த வார்த்தைதான். கிளினிக்கில் ஊதிப் பார்க்கிற கருவி இருக்கிறது, நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறது என்று கோடு போட்டுக் காட்டும், வாயில் அட்டைக்குழாயை வைத்துக்கொண்டு முழு மூச்சையும் தள்ள வேண்டும், ஜனங்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தாமல் இருக்க நான் பக்கத்தில் நின்று கத்துவேன். ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க, முடிஞ்சிச்சுன்னு தோணும், அதுக்கப்புறமும் கொஞ்சம் இருக்கும், அதையும் விடுங்க. வெளியே காத்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள், டாக்டர் கச்சேரி ஆரம்பிச்சிட்டாரு என்று. மங்கைக்கு அந்தச் சோதனை வைத்தபோதும் நான்தான் நின்றேன். ஊதுங்க என்று ஆரம்பித்தேன், பெண்டாட்டியை வாங்க போங்க என்கிறேனே என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு இருமலாகிவிட்டது, திரும்ப வைத்தோம், கோடு கிளம்பியதுமே படுத்துவிட்டது, முடிஞ்சிச்சுன்னு தோணும் என்று சொல்ல வந்தேன், குரல் ஏறவில்லை. டெக்னீசியன் ஜெசிந்தா என்னை நகர்த்திவிட்டு மீதியைச் சொல்லி முடித்தாள். நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

சத்தமே வரவில்லையே. கூடத்திலிருந்து எதுவும் வரவில்லையே. விரலை நிறுத்திக் கேட்கிறேன். குமிழி கேட்கிறது, குமிழி சிலிண்டருடையது, சிலிண்டருக்கென்ன, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குமிழி விடும். இத்தனை நாள் மெஷின் உறுமலை அவள் மூச்சாகவே நினைத்துப் பழகிவிட்டேன், அது ஓடினால் இவள் இருக்கிறாள் என்று கணக்கு, அறிவு கெட்ட கணக்கு, நாளைக்கு ஜூனியர் எவனாவது இப்படிச் சொன்னால் வெளியே போ என்பேன். எட்டிப் பார்த்தேன். கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்கிறாள், கண் மூடியிருக்கிறது, புடவைத் தலைப்பு ஏறி இறங்குகிறது, கழுத்துக்குழி உள்ளே போய் வெளியே வருகிறது. இருக்கிறாள். சிலிண்டர் முள் பாதிக்கு மேல் நிற்கிறது, இன்னொரு சிலிண்டரும் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் கரண்ட் வந்துவிடும். எல்லாம் சரியாக இருக்கிறது, நான்தான் சரியாக இல்லை. திரும்ப வந்து உட்கார்ந்தேன். எங்கே விட்டேன். சஹானா நேராகப் போகாது, ஏறும், இறங்கும், வந்த வழியை ஒரு தரம் திரும்பிப் பார்க்கும், பிறகுதான் மேலே கால் வைக்கும். ஊட்டி லைன் என்பாள் மங்கை. அவளுக்கு ராகப் பெயர் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்றாள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் ட்ரங்க் கால் போட்டுக்கொடுக்கிற வேலையில் இருந்தவள், அவளுக்கு எல்லாமே லைன்தான். தோடி மெட்ராஸ் லைன், கூட்டமும் இரைச்சலுமாக, நடுவில் புகுந்து நாலு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும். கல்யாணி கோயம்புத்தூர் லைன், பளிச்சென்று இருக்கும், பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி. சஹானா ஊட்டி லைன், மழை பெய்தால் குரல் போய்ப் போய் வரும், வரும்போதெல்லாம் கொஞ்சம் அழுத மாதிரி இருக்கும் என்பாள். அவள் சொன்ன பிறகு எனக்கும் சஹானா வாசித்தால் ஊட்டியில் யாரோ போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரியே ஆகிவிட்டது.

பெண் பார்க்கப் போனபோது, உங்க குரல் எனக்குத் தெரியுமே என்றாள். கூடத்தில் இருந்த பெரியவர்களுக்கெல்லாம் முகம் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு ட்ரங்க் கால் போடுகிற ஹவுஸ் சர்ஜன் நான், அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு தரமும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிடுகிற ஆள், அந்தப் பக்கம் லைனைக் கோத்துக் கொடுத்தவள் இவள். நீங்க பேசறதை விட மூச்சு விடறதுதான் ஜாஸ்தி கேட்கும் என்றாள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, மத்தியான வேளையில் வார்டு அடங்கியிருக்கும்போது டெலிபோன் பக்கத்தில் நின்று கிளாரினெட் வாசிப்பேன், அவள் தன் தோழிகள் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் அந்த லைனைச் சொருகிவிடுவாள். ஒரு நாள் சூப்பர்வைசர் அம்மாள் பிடித்துவிட்டாள். பிடித்துவிட்டு, இன்னொரு பாட்டு வாசிக்கச் சொல்லு என்றாளாம். என் முதல் ரசிகர் கூட்டம் அதுதான், ஹெட்போன் மாட்டிய பத்துப் பெண்கள், ஒருத்தி முகத்தையும் நான் பார்த்ததில்லை. பிற்பாடு எத்தனையோ மேடை, மங்கை எப்போதும் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள், முன்னால் உட்கார்ந்தால் உங்க முகம் தெரியுது, முகம் தெரிஞ்சா காது வேலை செய்யாது என்பாள். போன மாதக் கச்சேரிக்கு மட்டும் அவள் இல்லை. அந்தக் கச்சேரியை நினைக்கக்கூடாது என்று நினைத்தேன், விரல் அங்கேதான் போகிறது.

வெளியூர்ச் சபா, நல்ல கூட்டம், தம்பூரா ஒலிக்கிறது, நான் கருவியை வாயில் வைத்துச் சுருதி சேர்க்கிறேன், ஏறியிருக்கிற மாதிரி தோன்றியது, மேல்மூட்டை ஒரு மயிரிழை வெளியே இழுத்தேன், இழுத்தால் சுருதி இறங்கும், இன்னொரு மயிரிழை, ஆ, வந்துவிட்டது, என்ன சுகம். பக்கத்தில் வயலின் சீதாபதி என்னையே பார்க்கிறார். குனிந்து, டாக்டர், இறங்கி நிற்குது என்றார். இல்லை என்றேன். இறங்கித்தான் நிற்குது என்றார். தம்பூராவைச் சரி பண்ணச் சொல்லுங்கள் என்றேன், அவ்வளவு திமிராக. முப்பது வருஷமாக எனக்கு வாசிக்கிற மனிதர், தன் தந்திகளை என் தப்புக்கு இறக்கிக்கொண்டார், தம்பூராவை மெதுவாக அமர்த்தச் சொல்லிவிட்டார், கச்சேரி நடந்தது, கைதட்டினார்கள், தெரிந்தவர்கள் தட்டவில்லை. என்ன நடந்தது என்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதுதான். அதே சுருதி. என் ஸட்ஜத்துக்கு ஒரு மயிரிழை கீழே, இரவும் பகலும், சாப்பிடும்போதும் குளிக்கும்போதும், அவள் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்போதும் அது என் காதில் ஓடி ஓடி, இளம்பிராயத்திலிருந்து எனக்குள் இருந்த சுருதியைப் பெயர்த்துவிட்டுத் தான் உட்கார்ந்துகொண்டது. உலகத்தில் எந்த வித்வானுக்காவது ஆக்ஸிஜன் மெஷினோடு சுருதி சேர்ந்திருக்கிறதா. சீதாபதியிடம் மன்னிப்புக் கேட்டேன், காரணம் சொல்லவில்லை. மங்கையிடம் எதுவுமே சொல்லவில்லை. கச்சேரி எப்படி என்றாள், நன்றாக இருந்தது என்றேன். அதன் பிறகு கிளினிக்கில் மத்தியானம் ஊதிக்கொண்டிருந்ததையும் விட்டுவிட்டேன். இன்றைக்குச் சாயங்காலம் சபா செக்ரட்டரி பூவராகன் கூப்பிடுவார், அடுத்த கச்சேரிக்குச் சரி சொல்ல வேண்டும், சொல்லப் போவதில்லை. இந்தக் கச்சேரி என்றில்லை, இனிமேல் என் பெயரைப் போட வேண்டாம் என்றே சொல்லிவிடுவதாக இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு. இவளை விட்டுவிட்டு எங்கே போய் நின்று ஊதுவது, யாருக்கு ஊதுவது. விரல் ஓடுகிறது, ஓடட்டும், விரலுக்கு யார் சொல்வது. டொப், டொப், ஏறி, இறங்கி, சின்ன நிறுத்தம், மறுபடி ஏறி.

"அந்தத் திரும்பி வர்ற இடத்தை விட்டுட்டீங்க."

மங்கைதான். கூடத்திலிருந்து, மெதுவாக, ஆனால் தெளிவாக. என் விரல்கள் துளைமேல் அப்படியே நின்றன. கருவியோடே எழுந்து போனேன். கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். வலது கை போர்வைமேல் கிடந்தது, ஆள்காட்டி விரல் மட்டும் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது, நான் நிறுத்தியது தெரியாமல் இன்னும் ஓரிரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. ஊட்டி லைன்தானே என்றாள். உனக்குக் கேட்கிறதா என்றேன், அசட்டுத்தனமாக. டொக்கு டொக்குன்னு தினம் கேட்குது என்றாள். மெஷின் ஓடும்போதுகூடவா என்று கேட்டதற்கு, இரைச்சலுக்குள்ளே இருந்து குரலைப் பொறுக்கி எடுக்கத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தாங்க என்றாள். அதைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். பேசாதே என்று கையைக் காட்டினேன். அவள் என்றைக்கு நான் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"எப்பவும் அந்த இடத்துல நீளமா இழுப்பீங்க. இழுத்துட்டுத் திரும்பி வருவீங்க." நிறுத்தி, குழாயிலிருந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டு, "இப்ப அதுக்கு முன்னாடியே நிறுத்திடறீங்க. ஊதவே இல்லை. ஊதாத வாசிப்புல மூச்சை எதுக்கு மிச்சம் பிடிக்கிறீங்க?"

உண்மையா அது, நிறுத்துகிறேனா, என் விரலை நான் மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், ஆமாம், ஏறி, இறங்கி, நின்றுவிடுகிறது, ஒரு சின்ன மூச்சு எடுத்துக்கொண்டு மறுபடி, அந்தச் சின்ன மூச்சு யாருடையது, கழுத்துக்குழி உள்ளே போய் வெளியே வருகிற அந்த அளவு யாருடையது, ஐயோ, அவளுடையது, அவள் மூச்சைப் பார்த்துப் பார்த்து என் வாக்கியத்தை அவள் அளவுக்கு வெட்டிக்கொண்டிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை, குழந்தையோடு நடக்கிறவன் தன்னை அறியாமல் எட்டைக் குறைத்துப் போடுவதில்லையா, அப்படி. எத்தனை நாளாக. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள், விரல் நுனி குளிர்ந்திருந்தது. நீங்க எதுவும் சொல்லமாட்டீங்க, பார்க்கலாம்னு நிறுத்திக்குவீங்க, நான் உங்க விரலைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன் என்றாள். வாரத்துக்கு வாரம் அது சின்னதாகிக்கொண்டே வந்ததாம். அதை வைத்துத்தான் தனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டாளாம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, இன்றைக்குப் பால் கொஞ்சம் முறிந்துவிட்டது என்று சொல்கிற குரல். நான் நாக்குக்கு அடியில் பொத்தி வைத்திருந்ததை என் விரலே தினமும் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது. இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன் என்று நினைத்தேனே, அந்த இரக்கம் அவள் காதில் இப்படியா போய் விழுந்தது. அழுதேன். வெட்கமில்லாமல், கிளாரினெட்டை மடியில் போட்டுக்கொண்டு. அவள் என் முழங்கையை விடவில்லை. மழை வரைக்கும்தானே என்றாள். நான் தலையாட்டினேன். முதல் தரமாகத் தலையாட்டினேன். சரி என்றாள், ட்ரங்க் கால் கேட்டவரிடம் லைன் இன்னும் கிடைக்கவில்லை, காத்திருங்கள் என்று சொல்வது போல.

அப்போது கரண்ட் வந்தது. அடுக்களையில் ஃபிரிட்ஜ் குலுங்கியது, எதிர்வீட்டில் டிவி எங்கேயோ பாதியிலிருந்து பேச ஆரம்பித்தது, மெஷின் ஒரு தரம் கூவிவிட்டுத் தொண்டையைச் செருமி, உறுமி, மெதுவாக ஏறித் தன் இடத்தில் போய் நின்றது. எழுந்து சிலிண்டரை மூடிக் குழாயை மெஷினில் மாட்டினேன். கை நடுங்கவில்லை என்பதை மாட்டிய பிறகுதான் கவனித்தேன். மங்கை கண்ணை மூடித் திறந்தாள். "சுருதி வந்திடுச்சு," என்றாள், "இப்பவாவது ஊதுங்க." ரீட் காய்ந்து கிடக்கிறது என்றேன். நனைச்சுக்குங்க என்றாள். ஒரு மாதமாக வாயே வைக்கவில்லை, உதடு தளர்ந்துவிட்டது, கேட்க நன்றாக இருக்காது என்றேன். என் மூச்சு மட்டும் கேட்க நல்லாவா இருக்கு என்றாள். இதற்கு மேல் ஒரு டாக்டர் என்ன பேச முடியும். ரீட்டை நாக்கில் போட்டுக்கொண்டேன், பழைய நாணல் ருசி, முதல் முதலில் மாமா வாயில் வைத்துவிட்ட ருசி, ஆஸ்பத்திரி டெலிபோனுக்கு முன்னால் நின்ற ருசி. மாட்டினேன். மேல்மூட்டை ஒரு மயிரிழை வெளியே இழுத்தேன், இன்னொரு மயிரிழை, அன்றைக்கு மேடையில் இழுத்த அதே இடம் வரைக்கும்.

முதலில் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, மிதிபட்ட எலி போல. மங்கை சிரித்தாள், சிரிப்பு இருமலுக்குப் போகாமல் நடுவிலேயே நின்றது. மறுபடி வைத்தேன். ஸட்ஜம் வந்தது. மெஷினோடு ஒட்டி, இடையில் காகிதம் நுழையாத மாதிரி, சீதாபதி கேட்டிருந்தால் வில்லைக் கீழே வைத்திருப்பார். கூடமே ஒரே ஸ்வரமாக ஆயிற்று. அங்கிருந்து மெல்ல ஏறினேன், இறங்கினேன், பழக்கதோஷம், நிறுத்தப் போனேன், அவள் கழுத்துக்குழியைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அதை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கச் சொல்கிற மாதிரி, முகத்தையும் விட்டுவிட்டுப் போகச் சொல்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டேன், அந்த நீளமான இடத்துக்குள் போனேன், மூச்சு போய்க்கொண்டே இருந்தது, விலா இறுகியது, காது கம்மென்று ஆயிற்று, தீரப் போகிறது, திரும்பி வருகிற இடம் இன்னும் தூரத்தில் இருக்கிறது, எட்டாது, நிறுத்திவிடலாம்.

"ஊதுங்க," என்றாள் மங்கை. என் கிளினிக் குரலில், ஜெசிந்தா வந்து முடித்து வைத்த அந்த வாக்கியத்தை, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு செலவழித்து. "ஊதுங்க. நிறுத்தாதீங்க. முடிஞ்சிச்சுன்னு தோணும். அதுக்கப்புறமும் கொஞ்சம் இருக்கும்."

இருந்தது. ஊதினேன்.